சூடானதும் நின்றுவிடும் நைட்ரோ பக்கி: ஊசியைத் திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 1/8 அளவு நைட்ரோ பக்கி, அதாவது நைட்ரோமெத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கார் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறீர்கள். 21 சைஸ் இஞ்சின், அதாவது 0.21 கன அங்குலம், சுமார் 3.5 சிசி. காலையில் முதல் முறை உடனே ஸ்டார்ட் ஆகிறது. நாலைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் த்ராட்டிலை விட்டதும் அணைந்துவிடுகிறது, ஆறும்வரை மறுபடி கிளம்புவதில்லை. இதற்குள் மூன்று பிளக் போய்விட்டது. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூக்களான ஹை ஸ்பீடு ஊசி எத்தனை சுற்று, லோ ஸ்பீடு ஊசி எத்தனை சுற்று, இல்லை இஞ்சினையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். சுற்றுக் கணக்கைக் கேட்டாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இஞ்சின் தேய்ந்துவிட்டதா, இல்லை ட்யூனிங் மட்டும் கலைந்திருக்கிறதா என்பது. அது தெரியும்வரை ஊசியில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே திருகிப் பார்த்திருப்பீர்கள், பரவாயில்லை, இத்தோடு நிறுத்துங்கள்.

இந்த வகை வண்டியைப் பல வருடமாக ஓட்டுகிறேன். ஓட்டியதைவிட பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கும் இடம்) நின்று அடுத்தவர் வண்டியைப் பிரித்துப் பார்த்ததுதான் அதிகம். ஆனாலும் எழுத்தில் இருந்து இஞ்சினின் சத்தம் கேட்காது. நைட்ரோ இஞ்சினைப் பொறுத்தவரை பாதி நோயறிதல் சத்தத்தில்தான் இருக்கிறது. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம், எதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நிச்சயமானது. இந்த இஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. க்ளோ பிளக்கின் பிளாட்டினம் கலந்த கம்பி, ஒருமுறை சூடேறிவிட்டால் மெத்தனால் ஆவி பட்டுக் கனன்றுகொண்டே இருக்கும். கம்பியைப் பேட்டரியால் சூடாக்கும் இக்னைட்டர் ஸ்டார்ட் செய்ய மட்டும்தான், பிறகு எரிதலின் சூடே கம்பியைக் கனல வைத்திருக்கும். பிஸ்டனில் ரிங்கும் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் பித்தளைக் குழாயான ஸ்லீவின் உட்புறம் குரோம் பூசி, மேலே போகப் போகச் சற்றே குறுகலாகக் கடைந்திருப்பார்கள். அலுமினியப் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் குறுகலில் இறுகும். இந்த இறுக்கத்தைத்தான் பிஞ்ச் என்கிறோம். வேலை செய்யும் சூட்டுக்கு வந்ததும் ஸ்லீவின் மேல்பகுதி விரிந்து, பிஸ்டனுக்குச் சரியான இடம் கொடுக்கும். குளிர்ந்த நிலையில் இறுக்கமாக இருக்க வேண்டும், சூட்டில் விட்டுக்கொடுக்க வேண்டும், அப்படியே செய்த இஞ்சின் இது. குளிரில் கிளம்பி, சூட்டில் நின்று, சூட்டில் கிளம்ப மறுப்பது என்ற உங்கள் வண்டியின் குணத்தை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தக் குணத்துக்கு மூன்று பேர்மீது சந்தேகப்படலாம். பிஞ்ச் தேய்ந்து சூட்டில் கம்ப்ரெஷன் இல்லாமல் போவது ஒன்று. கிளட்ச் பெல்லின் (இஞ்சினின் சுழற்சியை வாங்கிச் சக்கரத்துக்கு அனுப்பும் கிண்ணம்) பேரிங் சூட்டில் பிடித்துக்கொண்டு ஐட்லிங்கை இழுத்து நிறுத்துவது இன்னொன்று. எங்கேயோ காற்றை இழுத்து, கலவை லீன் ஆகிவிடுவது (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) மூன்றாவது. ஊசி நான்காவது இடத்தில்தான் வருகிறது. மூன்றையும் வீட்டிலேயே, பெரும்பாலும் இஞ்சினை ஓட்டாமலே பார்த்துவிடலாம்.

பிஞ்சைப் பார்க்க, இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் கிடையாது, அதனால் வழியெல்லாம் இலகுவாக வரும். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது மட்டும் விரலுக்கு ஒரு தடை தெரிய வேண்டும், அதைத் தாண்ட சற்று அழுத்த வேண்டியிருக்க வேண்டும். புது இஞ்சினில் அங்கே ஒட்டிக்கொண்டே நிற்கும், ப்ளையர் போட்டுத் திருக வேண்டாம். ஒரு தடையும் இல்லாமல் உச்சியை வழுக்கிக் கடந்தால் பிஞ்ச் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதே சமயம் இன்னொன்றையும் பாருங்கள். பிஸ்டனை உச்சிக்குச் சற்றுக் கீழே வைத்து ஃப்ளைவீலை முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். பிஸ்டன் நகராமல் ஃப்ளைவீல் மட்டும் ஆடினால், கனெக்டிங் ராடின் புஷ் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த ராடோடு ஓட்டுவது ஆபத்து. அது உடைந்தால் ஸ்லீவையும் கிராங்க் கேஸையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

டிராக்கில் பலர் செய்யும் ஒரு தந்திரமும் இதற்குத் துணைச் சாட்சி. சூட்டில் கிளம்பாத இஞ்சினின் ஹெட்டில் ஈரத்துணியைப் போட்டு ஆற்றுவார்கள், உடனே ஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் ஸ்லீவ் சுருங்கி கம்ப்ரெஷன் திரும்ப வந்திருக்கிறது என்று அர்த்தம். அது சிகிச்சை இல்லை. அந்த இஞ்சினுக்கு ஆயுள் கொஞ்சம்தான் மிச்சம்.

கிளட்சை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன குணத்துக்கு அதிகம் பொருந்துவது இதுதான் என்பது என் ஊகம். கிளட்ச் பெல்லுக்குள் இரண்டு சின்ன பேரிங், பெரும்பாலான வண்டிகளில் 5×10×4 அளவு. வண்டியிலேயே அதிகச் சூடும் தூசியும் வாங்குவது அவைதான். ஆறிய நிலையில் சுற்றும், சூடானால் கிரீஸ் வற்றிக் கரகரக்கும். பேரிங் பிடித்ததும் பெல் கிராங்கோடு சேர்ந்தே சுற்றப் பார்க்கும். வண்டி நிற்கும்போது பிரேக் சக்கரத்தைப் பிடித்திருப்பதால், இழுபட்டு இஞ்சின் அணையும். சோதனை எளிது: இஞ்சின் நின்றிருக்கும்போது ஃப்ளைவீலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெல்லோடு பல் கோத்திருக்கும் பெரிய ஸ்பர் கியரைச் சுழற்றுங்கள். பெல் சத்தமில்லாமல் இலகுவாகச் சுற்ற வேண்டும். இதை ஆறிய பிறகு ஒருமுறையும், ஓடி நின்ற சூட்டில் ஒருமுறையும் செய்யுங்கள், சூட்டில் செய்வதுதான் உண்மையைச் சொல்லும். பெல்லை முன்னும் பின்னும் இழுத்தால் மெல்லிய அசைவு, அரை மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். அசைவே இல்லையென்றால் வாஷர் அதிகம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போதே, வண்டியைத் தூக்கிப் பிடித்தால் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் ஒன்று பேரிங் பிடிக்கிறது, அல்லது கிளட்ச் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பேரிங்கை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். விலை ஒரு பிளக்கைவிடக் குறைவு.

மூன்றாவது காற்று. மெக்கானிக் கடையில் ‘ஏர் இழுக்குது’ என்பார்களே, அதேதான். கார்புரேட்டர் இஞ்சினில் உட்காரும் இடத்து ஓ-ரிங், பின்பக்க மூடி, முன்பக்கப் பேரிங், பிளக்கின் செப்பு வாஷர், எரிபொருள் ட்யூப், டாங்க் மூடியின் ரப்பர், இவற்றில் எங்கேயும் கசியலாம். டாங்கைக் கழற்றி, ஒரு ட்யூபை விரலால் அடைத்து, இன்னொன்றில் வாயால் ஊதியபடி வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. ஊதும் முன் டாங்கைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள், உள்ளே மிச்சமிருப்பது மெத்தனால். இஞ்சினுக்கு, சைலன்சர் வாயை அடைத்து, கார்புரேட்டர் வழியாகச் சின்ன பம்பால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கார்புரேட்டர் கழுத்திலும் பின் மூடியிலும் சூடு தாங்கும் சிலிக்கான் சீலன்ட் மெலிதாகப் பூசி மாட்டினால் பெரும்பாலும் தீரும். காற்றை இழுக்கும் இஞ்சினின் அடையாளம் ஐட்லிங் நிலையாக நிற்காதது. த்ராட்டிலை விட்டபின் சத்தம் சில வினாடி உயரத்திலேயே தொங்கி, பிறகு இறங்கும். இப்படிப்பட்ட இஞ்சினை எந்த ஊசியாலும் ட்யூன் செய்ய முடியாது. இன்று சரியாக இருப்பது நாளை இருக்காது.

மூன்று பிளக் போனது பற்றி. பிளக்கை வீசிவிடாமல் வெளிச்சத்தில் கம்பியைப் பாருங்கள். நன்றாக ஓடிய பிளக்கின் கம்பி சற்று மங்கிச் சாம்பல் நிறமாகும், சுருள் வடிவம் அப்படியே இருக்கும். ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். சுருள் நசுங்கி உள்ளே ஒடுங்கியிருந்தாலோ கலைந்து சுற்றியிருந்தாலோ, லீன் ஆக ஓடியிருக்கிறது, அல்லது கம்ப்ரெஷன் அதிகம், அதாவது ஹெட்டுக்கு அடியில் போட வேண்டிய ஷிம் (மெல்லிய வளையத் தகடு) குறைவு. கம்பியில் மினுமினுக்கும் பொடி ஒட்டியிருந்தால் அது உலோகத் துகள். பேரிங்கோ ராடோ உள்ளே அரைபடுகிறது. அந்த நிலையில் புது பிளக் போட்டுப் போட்டுப் பார்ப்பது காசைக் கரியாக்குவது. இன்னொரு எளிய சந்தேகமும் உண்டு: இக்னைட்டர் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டுங்கள், சுருள் முழுவதும் பிரகாசமான ஆரஞ்சாகக் கனல வேண்டும். ஓரத்தில் மட்டும் மந்தமாகச் சிவந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள். டர்போ பிளக்குக்கும் சாதாரணப் பிளக்குக்கும் இருக்கை வேறு, ஒன்றை மற்றதன் ஹெட்டில் போடாதீர்கள்.

இவை எல்லாம் சரியென்றால் இப்போது ஊசி. எத்தனை சுற்று என்று எந்த யோக்கியமான ஆளும் சொல்ல மாட்டார். கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர், எரிபொருளுக்கு எரிபொருள், காற்றுக்குக் காற்று மாறும். தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்திருக்கும் தொடக்க அளவுக்குத் திரும்பப் போங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. பிறகு ஸ்குரூவின் பிளவைக் கடிகார முள்ளாக நினைத்து, ஒருமுறைக்கு ஒரு மணியளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் திருகுங்கள். வலப்பக்கம் திருகினால், அதாவது மூடினால் லீன், இடப்பக்கம் திருகினால், அதாவது திறந்தால் ரிச். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு டிராக்கில் இரண்டு மூன்று சுற்றாவது ஓட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் அந்தரத்தில் சுற்ற முழு த்ராட்டில் அடிக்காதீர்கள். லோடு இல்லாத இஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டிப் பறக்கும், அதில் கிடைக்கும் செட்டிங் எதற்கும் உதவாது, ராடுக்குத்தான் கேடு.

முதலில் ஹை ஸ்பீடு ஊசி. இஞ்சின் நன்றாகச் சூடாகி, டாங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது நீண்ட நேர்பாதையில் முழு த்ராட்டில். புகை கொழகொழவென்று கிளம்பி, சத்தம் கம்மி, முழு வேகத்துக்கு ஏறாமல் திணறினால் ரிச், ஒரு மணியளவு மூடுங்கள். நேர்பாதையின் முடிவில் சத்தம் சட்டென்று மெலிந்து, புகையே இல்லாமல் வேகம் வீழ்ந்தால் லீன். அதைக் கேட்ட மறுகணமே த்ராட்டிலை விட்டு, வண்டியை வரவழைத்து, இரண்டு மூன்று மணியளவு தாராளமாகத் திறங்கள். எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே வருகிறது. லீன் ஆனால் எரிபொருள் மட்டும் குறைவதில்லை, பிஸ்டனுக்கும் ராடுக்கும் போகும் எண்ணெயும் குறைகிறது. எந்த வேகத்திலும் மெல்லிய நீலவெள்ளைப் புகைக்கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது தெரியாத இடத்தில் நான் ஓட்ட மாட்டேன்.

அப்புறம் லோ ஸ்பீடு ஊசி. உங்கள் சிக்கல் ட்யூனிங்தான் என்றால், இங்கேதான் இருக்கும். சூடாக ஓடி வந்த வண்டியைப் பத்துப் பதினைந்து வினாடி ஐட்லிங்கில் விடுங்கள். ஐட்லிங் மெதுவாகக் குறைந்து, முழு த்ராட்டில் கொடுத்ததும் கரகரத்துப் புகைவிட்டு, அப்புறம்தான் பாய்ந்தால் ரிச். ஐட்லிங் தானாக ஏறிக்கொண்டே போய், த்ராட்டில் கொடுத்ததும் புகையில்லாமல் ஒரு விக்கல் எடுத்து அணைந்தால் லீன். சந்தேகம் வந்தால், ஐட்லிங்கில் இருக்கும்போது எரிபொருள் ட்யூபை கார்புரேட்டருக்கு அருகே விரலால் அழுத்திப் பிடியுங்கள். மூன்று நான்கு வினாடி அப்படியே ஓடி, சத்தம் லேசாக ஏறி, பிறகு அணைந்தால் சரி. அழுத்திய உடனே அணைந்தால் லீன். சத்தம் ஏறிக்கொண்டே போய் அதிக நேரம் இழுத்தால் ரிச். இந்த ஒரு சோதனை எந்த வெப்பமானியையும்விட நம்பகமானது. லோ ஊசியைத் திருகியதும் ஹை ஊசியும் கொஞ்சம் நகர்ந்தது போல ஆகிவிடும், இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பவை. அதனால் மறுபடி நேர்பாதையில் ஒரு பார்வை.

மூன்றாவதாக ஐட்லிங் இடைவெளி. ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார்த்தால், த்ராட்டில் மூடிய நிலையில் ஒரு மில்லிமீட்டருக்குள் பிறை போல ஒரு திறப்பு தெரிய வேண்டும். கைமாறி வந்த வண்டிகளில் இது பெரும்பாலும் அளவுக்கு அதிகமாகத் திறந்திருக்கும். லோ ஊசி ரிச் ஆக இருந்து அணைகிறது என்று முந்தைய ஆள் ஐட்லிங்கை ஏற்றியிருப்பார். அது கிளட்சை எப்போதும் பாதி பிடித்தபடி வைத்து, பேரிங்கைத் தின்னும். ஊசி சரியில்லாததை ஐட்லிங் ஸ்குரூ மறைத்து வைத்திருக்கும் இந்த நிலை எனக்குப் பிடிக்காத ஒன்று, ஏனென்றால் இதில் எந்தக் குறையும் தன் உண்மையான முகத்தைக் காட்டாது.

வெப்பநிலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிளக்கை ஒட்டி அகச்சிவப்புக் கருவியால் அளந்தால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. இந்த எண்ணைப் பாதுகாப்பு வேலியாக வையுங்கள், அதை நோக்கி ட்யூன் செய்யாதீர்கள். ஹெட்டின் வடிவம், பிளக், பாடியில் வெட்டிய ஓட்டை, அன்றைய காற்று என்று எல்லாமே அதை மாற்றும். கருவி இல்லையா, ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று முதல் ஐந்து வினாடியில் கொதித்து ஆவியானால் சரி. விழுந்த கணமே சீறி மறைந்தால் அதிகச் சூடு. சும்மா உட்கார்ந்திருந்தால் இஞ்சின் இன்னும் குளிர்தான்.

வானிலையில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அதே ஊசி மதியத்தில் ரிச் ஆகத் தெரியும், கொஞ்சம் மூட வேண்டியிருக்கும். மலையேறினாலும் அப்படியே. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கோயம்புத்தூரில் வைத்த ஊசி அங்கே கொழகொழக்கும். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: மதிய வெயிலில் கச்சிதமாக ட்யூன் செய்துவிட்டு, வெயில் தாழ்ந்த மாலையிலோ மறுநாள் அதிகாலையிலோ அதே ஊசியில் ஓட்டினால், காற்று அடர்ந்து லீன் ஆகிவிடும். நாளின் முதல் டாங்கை எப்போதும் ஒரு மணியளவு திறந்து தொடங்குவது என் பழக்கம்.

எரிபொருள் விஷயத்தில் நிச்சயமானது இவ்வளவு. மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய், இந்த மூன்றின் கலவை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4, நைட்ரோமெத்தேனுக்கு வெறும் 1.7. தன்னிடமே ஆக்சிஜனை வைத்திருப்பதால்தான் நைட்ரோ பலம் தருகிறது. அதனால் 16 சதவீதத்திலிருந்து 25 சதவீதக் கலவைக்கு மாறும்போது ஊசியைத் திறக்க வேண்டும், அப்படியே விட்டால் லீன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து எடையளவில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமெத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்களுக்கு விற்கக் கட்டுப்பாடு இருக்கிறது, வெடிபொருள் தயாரிப்புக்குப் பயன்படலாம் என்பதால். அங்கே பலர் 16 சதவீதத்திலேயே ஓட்டுகிறார்கள். 25, 30 போனால்தான் நன்றாக ஓடும் என்பது எந்த அளவுக்கு உண்மை என்பதில் கருத்து பிளவுபட்டிருக்கிறது. உங்களைப் போல ஆரம்பத்தில் இருப்பவருக்கு 16 முதல் 25 வரை எதுவும் போதும், ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். ரிமோட் விமான எரிபொருளில் பொதுவாக எண்ணெய் அதிகம், நைட்ரோ குறைவு, காருக்கு அது மந்தம். பெட்ரோல் கூடவே கூடாது.

வீட்டில் கலந்துகொள்ளலாமா என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால்தான் இதுவும். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிம விதிகள் இருக்கின்றன. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கண் நரம்பைத் தாக்கும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மூடிய அறையில் இஞ்சினை ஓட்டாதீர்கள், டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், எக்காரணம் கொண்டும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. பிட்டில் யாராவது காரணமில்லாமல் கையை உதறினால் தீ பிடித்திருக்கலாம் என்று நினைத்துத் தண்ணீரோடு ஓட வேண்டும். விமானத்தில் எடுத்துப் போகவும் முடியாது.

ஸ்டார்ட் செய்யும் முன் ஹெட்டை ஹீட் கன்னால் எண்பது டிகிரி வரை சூடாக்குவதைப் பழக்கமாக்குங்கள். குளிரில் பிஞ்ச் இறுகியிருக்கும்போது ஸ்டார்டர் பாக்ஸில் (ஃப்ளைவீலைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் பெட்டி) அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ராடும் ஸ்லீவும் அடி வாங்குகின்றன. இது கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்வது. புது இஞ்சினை எப்படிப் பழக்குவது என்பதில்தான் சண்டை. டாங்க் டாங்காக மேசைமேலேயே கொழுத்த ரிச்சில் ஐட்லிங் விடச் சொல்வது பழைய வழி. சூடாக்கி, வேலைச் சூட்டிலேயே கொஞ்சம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்வது மற்ற வழி. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை, குளிர்ந்த நிலையில் ஓட்டுவது பிஞ்சைத்தான் தேய்க்கிறது என்று அதன் அமைப்பே சொல்கிறது. முதல் வழியில் பழக்கி வருடக்கணக்கில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஃப்யூயல் அதிகமாகி இஞ்சின் பூட்டிக்கொண்டால் ஸ்டார்டரை அழுத்தாதீர்கள். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு துணியை மேலே போட்டுச் சுற்றவிட்டால் வெளியே வந்துவிடும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. கைமாறி வந்ததால் மூன்று டிஃப்களையும் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்) திறந்து எண்ணெயை மாற்றுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முன்னால் 5,000, நடுவில் 5,000 அல்லது 7,000, பின்னால் 3,000 சிஎஸ்டி (எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) சிலிக்கான் எண்ணெய் என்பது பல வண்டிகளுக்குப் பொதுவான தொடக்கம். முடுக்கும்போது முன்சக்கரம் பலூன் போல உப்பிச் சுற்றினால் நடு டிஃப் எண்ணெய் நீர்த்திருக்கிறது. ஷாக்குகளைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, இடமும் வலமும் ஒரே மாதிரி அமுங்குகிறதா பாருங்கள், மற்ற நுணுக்கம் எல்லாம் பிறகு. பெல்லுக்கும் ஸ்பர் கியருக்கும் இடையே ஒரு தாள்துண்டைக் கொடுத்துச் சுற்றினால், கிழியாமல் மடிப்பு விழுந்து வர வேண்டும். பிரேக் இணைப்புக் கம்பி நியூட்ரலில் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் இஞ்சினைச் சூடாக்கி அணைக்கும்.

ரேடியோவில் ஒன்றே ஒன்று கட்டாயம்: ஃபெயில் சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் தானே பிரேக் போடும் ஏற்பாடு. சக்கரத்தைத் தூக்கி வைத்து, இஞ்சின் ஓடாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். சர்வோ தானாக பிரேக் பக்கம் போக வேண்டும். கார்புரேட்டரை மூட ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போட்டுவிடுங்கள். மூன்றரைக் கிலோ எடை முழு வேகத்தில் கட்டுப்பாடில்லாமல் வந்தால் காலை உடைக்கும்.

ஓட்டி முடித்தபின் செய்வதுதான் இஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், உள்ளே மிச்சம் விட்டால் பேரிங் துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். டாங்கைக் காலி செய்து, எரிபொருள் ட்யூபை அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருப்பது தீர்ந்து இஞ்சின் தானே அணையும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். சூடு இருக்கும்போதே பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (துருவைத் தடுக்கும் எண்ணெய்) விட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள். ஃப்ளைவீலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். உச்சியில் விட்டால், சுருங்கும் ஸ்லீவ் பிஸ்டனைக் கவ்வி விரிந்து, பிஞ்ச் சிறுகச் சிறுகப் போகும். வாராவாரம் ஓட்டுபவர்களுக்கு அந்த ஆயில் தேவையில்லை, எரிபொருளில் உள்ள ஆமணக்கு எண்ணெயே காப்பாற்றும் என்று சொல்பவர்களும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறைதான் வண்டியை எடுப்பீர்கள் என்றால் அந்த ஆயிலைத் தவிர்க்காதீர்கள். ஏர் ஃபில்டர் ஃபோமை ஒவ்வொரு ஓட்ட நாளுக்குப் பிறகும் கழுவி, காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். எண்ணெய் இல்லாத ஃபோம் தூசியை வடிகட்டாது, ஒரு மண் மைதானத்து மதியம் போதும் பிஞ்சைத் துடைத்தெடுக்க.

இஞ்சின் மாற்றுவது பற்றி: முதல் சோதனையில் தடை தெரிந்து, ராடில் ஆட்டம் இல்லையென்றால் மாற்றத் தேவையே இல்லை. இரண்டு கிளட்ச் பேரிங், ஒரு பிளக், கழுத்துக்குச் சீலன்ட், அவ்வளவுதான் செலவு. தடையே இல்லையென்றால், பிஸ்டன் ஸ்லீவ் ராட் மூன்றும் செட்டாக வாங்கினால் பல சமயம் புது இஞ்சினின் விலையை எட்டிவிடும், ஆகவே விலை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்லீவை அழுத்திச் சுருக்கி பிஞ்சை மீட்டுத் தருபவர்களும் உண்டு, நல்ல கையில் அது இன்னும் சில லிட்டர் ஓட வைக்கும், எவ்வளவு என்று உறுதி தர முடியாது. உலகப் போட்டியின் இறுதி 60 நிமிடம், டாங்க் 125 சிசிதான், பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை சூடான இஞ்சினோடு பிட்டுக்கு வந்து போக வேண்டும். அங்கே ஓட்டுபவர்களும் அணையாத ஐட்லிங்கைப் பிடித்துவிட்டுத்தான் உச்ச வேகத்தைத் தேடுவார்கள். கிளட்ச் பெல்லைச் சூட்டில் சுற்றிப் பார்த்தீர்களா, உச்சியில் தடை இருந்ததா, கடைசியாகப் போன பிளக்கின் கம்பி எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். ஊசியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.